எபோனைட் பேனாவும் ஷோகேஸ் பொம்மையும்

டிஸ்கி: பேனாவைப் பட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கும் அன்பர்கள் யாருக்காவது இதைப் படித்து மனசு புண்பட்டால், அந்தத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும். துணி வெளியே வந்துவிட்டதால் பேனாவும் வெளியே வந்திருக்கும். அப்படியே ஒரு வரி எழுதிப் பார்க்கவும்.

எபோனைட் என்ற பெயரை நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்டது பிசிக்ஸ் வகுப்பில்தான். கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியில் தேய்த்தால் நேர் மின்சுமை, எபோனைட் தண்டைக் கம்பளியில் தேய்த்தால் எதிர் மின்சுமை. ரெண்டு மார்க். எங்கள் பள்ளிக்கூட லேபில் கண்ணாடித் தண்டு ஒன்று இருந்தது. எபோனைட் தண்டும் இல்லை, கம்பளியும் இல்லை. சாத்தூர்ப் பக்கத்து வெயிலில் எவன் கம்பளி வைத்திருப்பான்? ஆக, எபோனைட் என்றால் வெளிநாட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு கறுப்புக் கட்டை என்று நினைத்துக்கொண்டே பத்தாவது பாஸ் செய்துவிட்டேன்.

அந்தக் கட்டையை மூன்றாம் வகுப்பிலிருந்தே தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது ரொம்பப் பிறகு தெரிந்தது. பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்த பேனா எபோனைட். டிகாக்ஷன் கம்மியாகப் போட்ட காபி மாதிரி ஒரு பழுப்பு நிறம். அதுதான் அதன் நிறம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மை ஊற்றச் சொல்லிக் கொடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றினால், மூடிக்குள் மறைந்திருந்த மரைப் பகுதி மட்டும் தார் மாதிரி கறுப்பு.

"என்ன பெரியப்பா, ரெண்டு கலர்ல இருக்கு?"

"பொறக்கும்போது முழுசும் அப்படித்தாம்ல இருந்துச்சு. வெயில்ல அலைஞ்சு நான் கறுத்தேன், அது வெளுத்துருச்சு."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாசம் ஹாஸ்டலில் நடந்த கதை. நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அடுத்த ரூம்) எபோனைட் பேனா ஒன்று வாங்கினான். பச்சையும் கறுப்பும் சுழித்துக் கலந்த நிறம். அழகு என்றால் அழகு, கண்ணை எடுக்க முடியவில்லை. அட்டைப் பெட்டிக்குள் மரப்பெட்டி, அதற்குள் வெல்வெட். ஒவ்வொரு ரூமாகக் கொண்டுபோய்க் காட்டினான். நான் கை நீட்டியதும் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கைரேகை விழுமாம். சரி, மை ஊற்றியாச்சா என்று கேட்டேன். ஏதோ நான் அவன் தங்கச்சியைப் பற்றித் தப்பாகப் பேசியது மாதிரி ஒரு பார்வை பார்த்தான்.

"மை ஊத்தினா ரீசேல் வேல்யூ போயிடும் மாப்ள."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய பதிவு. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, உண்மையாகவே.

முதலில் எபோனைட் என்றால் என்ன? ரப்பர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்களே, அதே ரப்பர். 100 பங்கு ரப்பருக்கு 2, 3 பங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இழுத்தால் நீளும் சாதாரண ரப்பர் கிடைக்கும். கந்தகத்தை 30 பங்குக்கு மேல் ஏற்றி, மணிக்கணக்கில் வேகவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துப் பெயர் வாங்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். கெட்டி ரப்பருக்கு 1851-ல் காப்புரிமை வாங்கியது அவர் தம்பி நெல்சன் குட்இயர். பார்ப்பதற்குக் கருங்காலி மரம் மாதிரி இருந்ததால், அந்த மரத்தின் ஆங்கிலப் பெயரை வைத்து எபோனைட் என்று பெயர் வந்தது. (கருங்காலி மாலை போட்டுக்கொண்டு செமஸ்டர் எழுதும் மக்கள் கவனிக்க. கருங்காலி பேனா என்று பெயர் மாற்றி விற்றால் ஒரே வாரத்தில் ஸ்டாக் தீர்ந்துவிடும்.)

இந்தப் பொருளை மனுஷன் எதற்கெல்லாம் பயன்படுத்தினான் என்று பாருங்கள். சீப்பு. புகைக்குழாயின் வாய்ப்பகுதி. கிளாரினெட், சாக்ஸபோன் வாசிப்பவர்கள் வாயில் வைக்கும் துண்டு. பழைய கார் பேட்டரியின் பெட்டி. அந்தக் காலத்துப் பல்செட்டில் ஈறு மாதிரி இருக்கும் அடிப்பாகம். எல்லாமே கையும் வாயும் படுகிற சாமான்கள், எச்சிலும் வியர்வையும் அமிலமும் தாங்க வேண்டிய சாமான்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க என்று ஒன்றுகூட இல்லை. வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை வாங்கிய பேனாவும் இதே கெட்டி ரப்பரில்தான் வந்தது. மை அரிக்காது, கடைசல் பிடிக்க எளிது, மரை நன்றாக ஏறும். காரணம் அவ்வளவுதான். 1921-ல் பார்க்கர் கம்பெனி விட்ட சிவப்பு டியூஃபோல்டு, விலை 7 டாலர், அதுவும் கெட்டி ரப்பர்தான். அப்புறம் 1924-ல் ஷீஃபர் செல்லுலாய்டுக்கு மாறியது, 1926-ல் பார்க்கரும் மாறியது. கலர் கலராகச் செய்யலாம், கீழே விழுந்தால் சுலபத்தில் உடையாது, வெளுக்காது. நியாயமான காரணங்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆம், எபோனைட் வெளுக்கும். இதை மறைத்து விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வெளிச்சம் பட்டால் மேற்பரப்பில் இருக்கும் கந்தகம் ஆக்சிஜனோடு சேரும், ஈரம் பட்டால் அது லேசான அமிலமாகும், கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகும், சிலது பாசி படிந்த பச்சையாகும். சுடுதண்ணீர் ஊற்றினால் பழைய பேனா கண் முன்னாலேயே நிறம் மாறிவிடும். கலர் எபோனைட் இந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் அதுவும் மங்கும். ஜப்பான்காரன் இதைத் தாங்க முடியாமல்தான் 1925 வாக்கில் எபோனைட் மேல் அரக்கு பூச ஆரம்பித்தான். இன்றைக்குப் பைலட் கம்பெனி என்கிறோமே, அதை ஆரம்பித்த நமிகி செய்த வேலை அது. வெளுக்காமல் இருக்கப் பூசிய அரக்கு, பிறகு அதன் மேல் தங்கப்பொடி ஓவியம், பிறகு லட்ச ரூபாய் விலை. அந்தப் பேனா வைத்திருப்பவன் பெட்டியில் வைத்துப் பூட்டினால்கூட நான் மன்னித்துவிடுவேன். அது ஓவியம். நண்பனே, உன்னுடையது கடைசல் பட்டறையில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்து முடித்த பேனா.

இன்னொரு வேடிக்கை. வெளிச்சம் படாமல் பெட்டியில் வைத்தால் எபோனைட்டின் கறுப்பு தப்பிக்கும், சரி. ஆனால் எபோனைட் சும்மா இருக்காது, கந்தகம் கலந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். புதுப் பேனாவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு வாசனை வருகிறதே, அது. காற்றே புகாத பெட்டிக்குள் அந்த ஆவி எங்கே போகும்? பேனாவின் கிளிப்பிலும் வளையத்திலும் போய் உட்காரும். வெள்ளிச் சாமானோடு பழைய எபோனைட்டை ஒரே அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் சொல்வது இதனால்தான். ஆக, பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று நீ செய்வது, உடம்பைக் காப்பாற்றி நகையைக் கறுக்க வைக்கும் வேலை.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருவோம். எபோனைட்டைத் திட்டுகிறவர்களைவிட அதைப் புகழ்கிறவர்கள்தான் அதிக ஆபத்து. "உயிருள்ள பொருள்", "கையோடு பேசும்", "சூடே கடத்தாது, அதனால் மை கக்கவே கக்காது" என்றெல்லாம் அடித்து விடுகிறார்கள். கடைசியில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் பிசிக்ஸ் இருக்கிறது. தண்டுக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறைய மேலே காற்று சேரும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பேப்பரில் சொட்டென்று ஒரு பொட்டு விழும். சூடு கடத்தாத பொருளாக இருந்தால் இது குறையும் என்பது வாதம். இரும்பு, பித்தளையோடு ஒப்பிட்டால் முழு உண்மை. ஆனால் அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் எபோனைட்டும் சூடு கடத்துவதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எபோனைட் பேனாக்களில் சுவர் தடிமனாக இருக்கும், அதனால் கொஞ்சம் பலன் உண்டு, அவ்வளவே. எனக்கே இரண்டு சட்டை போயிருக்கிறது. பாதிக்குக் கீழே மை இறங்கவிடாதே, பஸ்ஸில் போகும்போது நிப்பு மேலே பார்க்க வை. இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மந்திரம் தேவையில்லை.

எபோனைட் நிஜமாகவே பெரிய வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அதை ஒருத்தரும் பேசுவதில்லை. நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கு இருக்கிறது பாருங்கள், வரி வரியாக வெட்டு விழுந்த துண்டு, அங்கேதான். பிளாஸ்டிக் மேல் மை முத்து முத்தாக நிற்கப் பார்க்கும், பரவாது. அதற்காகக் கம்பெனிக்காரர்கள் அதைச் சொரசொரப்பாக்கித் தனியாகப் பக்குவம் பண்ண வேண்டியிருக்கிறது. எபோனைட்டை வெட்டினால் அந்த வெட்டு தானாகவே மையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நாள் முழுக்க எழுதினாலும் வறளாது. நிப்புக்கும் நாக்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால், அந்த நாக்கை மட்டும் நல்ல சுடுதண்ணீரில் முக்கி எடுத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. வளைந்து நிப்போடு ஒட்டிக்கொள்ளும், ஆறியதும் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் இவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. (நாக்கை மட்டும். முழுப் பேனாவையும் முக்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள், மேலே வெளுக்கும் கதை சொல்லியிருக்கிறேன்.)

இப்போது நண்பனின் பேனாவைத் திறந்து பார்த்தேன். அவன் குளிக்கப் போயிருந்தபோதுதான். ஜெர்மன் நிப்பு, அதோடு சேர்ந்து வந்த பிளாஸ்டிக் நாக்கு. உடம்பெல்லாம் எபோனைட், நாக்கு மட்டும் பிளாஸ்டிக்! பிளாஸ்டிக் நாக்கு மோசம் என்று சொல்லவில்லை, ஒழுங்காகவே எழுதும். ஆனால் எபோனைட்டுக்காக இத்தனை ஆயிரம் கொடுத்தவன், எபோனைட் எங்கே வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை கடைக்காரரிடம் கேட்கவில்லை. கேட்டது என்னவென்று அவனே சொன்னான்: "இந்தச் சுழி இன்னும் கொஞ்சம் அடர்த்தியா கிடைக்குமாண்ணே?"

இப்படிப் பார்த்து வாங்குகிறவர்களால் விளைந்த கெடுதல் ஒன்று இருக்கிறது. பேனாக்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. ஷோகேஸில் வைத்தால் கம்பீரமாக இருக்க வேண்டும், போட்டோவில் சுழி தெரிய வேண்டும், நிப்பு பட்டையாகப் பளபளக்க வேண்டும். அதனால் உலக்கை சைஸில் ஒரு தண்டு. அதைப் பிடித்து மூன்று மணி நேரப் பரீட்சை எழுதச் சொல்லுங்கள் பார்க்கலாம். நானும் ஏமாந்தவன்தான். முதல் செமஸ்டரில் சேர்த்து வைத்த காசில் வாங்கிய என் முதல் எபோனைட் பேனாவின் கழுத்து 13 மில்லிமீட்டர் தடிமன். போட்டோவில் ராஜா மாதிரி இருந்தது. இரண்டாவது பக்கத்திலேயே விரல் கடுத்துவிட்டது. கடைக்காரர் மேல் தப்பில்லை, அவர் கேட்டதைக் கொடுத்தார். நான் கண்ணால் கேட்டேன், விரலால் கேட்டிருக்க வேண்டும்.

அதனால், வாங்குகிறவர்கள் தயவுசெய்து இப்படி வாங்குங்கள். முடிந்தால் நேரில் போங்கள். சென்னையில் இருந்தால் காமா பேனாவுக்குப் பெயர்போன ஜெம் அண்ட் கோ, கொஞ்சம் தள்ளித் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள், ஆந்திராப் பக்கம் போனால் ராஜமுந்திரியில் ரத்னம், கைடர், ஐதராபாத்தில் டெக்கான் என்று கைப்பேனாவுக்குப் பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கடையில் முதலில் பேனாவைத் திறந்து கழுத்தைப் பிடியுங்கள். தினமும் எழுதும் பேனாவை எப்படிப் பிடிப்பீர்களோ அப்படி. விரல் எங்கே போய் உட்காருகிறது? மரையின் மேல் உட்கார்ந்தால் வேண்டாம், அரை மணியில் அறுக்கும். 10, 11 மில்லிமீட்டர் நம்ம கைகளுக்கு இதமாக இருக்கும் என்பது என் அனுபவம். பெரிய கை என்றால் 12 போகலாம். கடையில் நின்றுகொண்டே பெயரை நாலு தடவை எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயர் எழுத எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் எழுதுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் எழுதுங்கள். நல்ல கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

பளபளவென்று பாலீஷ் போட்டது வேண்டாம், மங்கலான சொரசொரப்பு முடிப்பு கேளுங்கள். எபோனைட்டின் சுகம் எல்லாம் அதில்தான். வியர்த்த கையில் பாலீஷ் போட்ட எந்தப் பேனாவும் வழுக்கும். மங்கல் எபோனைட் வழுக்காது, ஒரு பழைய மரக் கைப்பிடி மாதிரி விரலோடு நிற்கும். நம்ம ஊர் மே மாத ஹாலில், ஃபேன் ஓடாத வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். எடையும் கவனிக்க வேண்டும். எபோனைட் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம், அதனால் உலோகம் சேர்க்காத பேனா பார்ப்பதற்குப் பெரிதாக இருந்தாலும் கையில் லேசாக இருக்கும். கிளிப், வளையம், பித்தளை உள்தண்டு என்று ஏற்றிக்கொண்டே போனால் அந்த நன்மையைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம்.

நிப்பு விஷயத்தில் ஒரு தமிழ்ப் பிரச்சினை உண்டு. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் பட்டை நிப்பு வாங்குகிறார்கள். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும். அதில் தமிழ் எழுதிப் பாருங்கள். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இரண்டும் மை ரொம்பி ஒரே கொழுக்கட்டையாகிவிடும். ணை என்று எழுதினால் பூச்சி நசுங்கியது போல இருக்கும். ரூல் போட்ட நோட்டில் சாதாரண அளவில் எழுதுகிறவர்களுக்கு மெல்லிய நிப்புதான், அதுவும் ஜெர்மன் நிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெல்லியது. ஜப்பான் நிப்பு அதே பெயரில் இன்னும் மெல்லியதாக எழுதும்.

மை நிரப்பும் முறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தைக் கழற்றி, இங்க் பில்லரால் தண்டுக்குள் நேராக ஊற்றும் பழைய முறைதான். சின்ன கார்ட்ரிட்ஜில் 0.8 மில்லி மை இருக்கும். தண்டுக்குள் ஊற்றினால் 3 மில்லி சாதாரணமாகக் கொள்ளும். ஒரு வார லெக்சருக்குக் கவலையில்லை. கெட்டுப்போக உள்ளே ரப்பர் டியூபோ, ஸ்பிரிங்கோ எதுவும் கிடையாது. மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசியாது. கழுவுவது என்றால் பச்சைத் தண்ணீர், சோப்பு வேண்டாம், ஈரத்தோடு ஜன்னலில் காய வைக்க வேண்டாம். பராமரிப்பு என்று தனிப் பாடமே நடத்துகிறார்களே, அது இவ்வளவுதான்.

சுதேசிப் பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம நாட்டுப் பேனா, காந்தி பாராட்டிய பேனா, அதனால் வாங்கி வை என்கிறார்கள். கதை உண்மைதான். ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் 1930-களின் தொடக்கத்தில் பேனா செய்ய ஆரம்பித்தார். அதை காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜே.சி.குமரப்பா, நம்ம தஞ்சாவூரில் பிறந்தவர், கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்து 1960-ல் இறந்தவர். 1935-ல் காந்தி ரத்னத்துக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். ஆனால் அந்தக் கடிதத்தின் சாரம் என்ன? பேனாவைப் பயன்படுத்திப் பார்த்தேன், கடைகளில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாற்றாகத் தெரிகிறது என்பதுதான். எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார் மனுஷன். வெல்வெட் பெட்டியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சொல்லவில்லை. இன்றைக்குச் சுதேசிப் பேனா என்று வாங்குகிற பலதின் நிப்பு ஜெர்மனியில் செய்தது, சிலவற்றின் எபோனைட் தண்டே ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, நல்ல சாமானை எங்கிருந்தும் வாங்கலாம். கடைசல் பிடிக்கும் கைதான் இங்கே உள்ளது, அதுவே பெரிய விஷயம். ஆனால் எங்கள் சாத்தூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேனா நிப்பு செய்தார்கள். வெள்ளரிக்காயும் சேவும் மட்டும் இல்லை சாத்தூர், நிப்பும்தான். பால்பாயிண்ட் வந்தது, எழுதுகிறவர்கள் மாறினார்கள், அந்தத் தொழில் சுருங்கிப் போனது. ஷோகேஸ்காரர்கள் நிப்பு வாங்குவதில்லையே. எழுதித் தேய்ப்பவன்தான் இரண்டாவது நிப்பு கேட்பான். தேய்ந்த நிப்பும், ஓடிப்போன மூடி மரையும், உடைந்த கிளிப்பும்தான் ஒரு பட்டறைக்கு மறுபடி மறுபடி வாடிக்கையாளரைக் கொண்டுவரும். பெட்டியில் கிடக்கும் பேனாவுக்கு ரிப்பேரே வராது. வாங்குகிறவன் ஒருமுறை வருவான், போட்டோ எடுப்பான், அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய பேனா கேட்டு வருவான். அவன் அலுத்துப்போகும் வருஷம் பட்டறைக்காரர் என்ன செய்வார்?

பத்து ரூபாய் ஜெல் பேனா போதாதா என்று கேட்கும் கிளாஸ்மேட்டுகளுக்கு: போதும். தாராளமாகப் போதும். உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நீங்கள் குறைந்தபட்சம் எழுதுகிறீர்கள். என்ன, ஒரு செமஸ்டருக்கு எத்தனை தூக்கிப் போடுகிறீர்கள் என்று ஹாஸ்டல் குப்பைத் தொட்டியைக் கேட்டால் சொல்லும்.

என்னுடைய இரண்டாவது பேனா சாதாரணக் கறுப்பு. மங்கல் முடிப்பு, கிளிப் கிடையாது, கழுத்து 11 மில்லிமீட்டர், எபோனைட் நாக்கு, மெல்லிய நிப்பு. சுழியும் இல்லை, பெயரும் பொறிக்கவில்லை. கிளிப் இல்லாததால் மேஜையிலிருந்து ஒருமுறை உருண்டு விழுந்தது, மூடி ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு போய்விட்டது. எபோனைட் விழுந்தால் உடையும் என்பதற்கு என்னிடமே சாட்சி உண்டு, மறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக் கிடந்த பாதியில் லேசாகப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. லீவில் ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், தன் பேனாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னும் பச்சப்புள்ளையா இருக்குல" என்றார்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்த ரூம் நண்பன் வந்தான். ரெக்கார்ட் நோட்டு முடிக்க வேண்டுமாம், ஜெல் பேனா தீர்ந்துவிட்டதாம், கடை மூடியாச்சாம். உன்னுடைய பச்சைப் பேனா என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். காலையில் கிளாஸுக்குப் போகும்போது கேட்டால், இன்னும் நாலு பக்கம் இருக்கு மாப்ள, சாயங்காலம் தரேன் என்கிறான். மணி இப்போது எட்டரை. இன்னும் தரவில்லை.